கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

ஆய்வகம் சொல்வது பாட்டிலுக்குள் இருந்த தண்ணீரைப் பற்றி மட்டும்தான். அந்தத் தண்ணீர் பாறை இடுக்கிலிருந்து அப்போதுதான் ஊறி வந்ததா, வாரக்கணக்கில் இரும்புக் குழாய்க்குள் நின்று துரு ஏறியதா, பாட்டிலில் முன்பிருந்த குளிர்பானத்தின் மிச்சத்தோடு கலந்ததா என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. விலை உயர்ந்த கருவியில் மூன்று தசம இலக்கம் வரை அளந்து கொடுத்தாலும், எடுத்தவர் கையில் பிழை நேர்ந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கிணற்று நீர்த் தரக் கண்காணிப்பில் பாதி வேலைக்கு மேல் கிணற்றடியிலேயே முடிந்துவிடுகிறது.

கல்லூரி மாணவர்கள், ஊராட்சிப் பணியாளர்கள், பள்ளி அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்கள், தன் ஊர்த் தண்ணீர் ஏன் இப்படி மாறிப்போனது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற இளைஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் கடினப்பாறை. ஆகவே கருங்கல் பூமியில் இருக்கும் திறந்த கிணறும் போர்வெல்லும்தான் இங்கே முதன்மை.

முதலில் கேள்வி, பிறகு பாட்டில்

“எல்லாவற்றையும் டெஸ்ட் பண்ணிக் கொடுங்க” என்று ஆய்வகத்தில் போய் நிற்காதீர்கள். பணமும் போகும், தேவையானது விட்டும்போகும். உங்கள் ஊருக்கு என்ன கேள்வி என்று முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் கேள்வி ஃபுளோரைடு. அங்குள்ள கிரானைட், நைஸ் பாறைகளின் கனிமங்களில் இருந்து அது கரைந்து வருகிறது. பழி சுமத்த எந்த ஆலையும் இல்லை. நீரில் கால்சியம் குறைவாகவும் பைகார்பனேட் அதிகமாகவும் இருந்தால் ஃபுளோரைடு ஏறும். அதனால் இங்கே ஃபுளோரைடை மட்டும் அளப்பது போதாது, கால்சியத்தையும் காரத்தன்மையையும் (பைகார்பனேட் எவ்வளவு என்பது இதில் தெரியும்) சேர்த்துக் கேளுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியதே இந்தப் பாறைத் தண்ணீருக்கு மாற்றாகத்தான்.

மீஞ்சூர் வட்டாரம் என்றால் கடல்நீர். அளவுக்கு மேல் இறைத்ததில் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைக்குள் உப்பு நீர் ஏறிய கதை பல பத்தாண்டுப் பழையது. கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம். நூற்றில் இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே நல்ல தண்ணீரில் 380 மில்லிகிராம் குளோரைடு கூடிவிடும். குடிநீருக்கு விரும்பத்தக்க அளவான 250ஐ அது மட்டுமே தாண்டிவிடும். இங்கே மின்கடத்துதிறனும் (கரைந்த உப்பு கூடக் கூட இது ஏறும்) குளோரைடும் சோடியமும் போதும், ஆனால் அடிக்கடி எடுக்க வேண்டும்.

ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் தொழில் நடக்கும் பாலாற்றுப் படுகை. உப்போடு குரோமியத்தையும் பார்க்க வேண்டும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் (அதன் நச்சு மிகுந்த வடிவம்) அதிகமாகக் கலந்தால் தண்ணீர் மஞ்சளாகும். நொய்யல் கரையில் சாயப்பட்டறை உப்பு: சோடியம், குளோரைடு, சல்பேட். இவை எதுவும் இல்லாத சாதாரண விவசாய ஊரா? நைட்ரேட்டைத் தேடுங்கள். உரம், மாட்டுத் தொழுவம், கழிவறைக் குழி மூன்றும் அதைத் தண்ணீரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த ஊரானாலும் குடிக்கிற கிணறு என்றால், மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் இ.கோலி கிருமிச் சோதனையை விடக் கூடாது.

கையடக்க டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு “நல்ல தண்ணி, கெட்ட தண்ணி” என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டுமே ஊகிக்கும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் குரோமியமும் வரம்பைத் தாண்டியிருந்தாலும் அது தனியாகக் காட்டாது. கிருமி அதற்குத் தெரியவே தெரியாது. அதை நம்பிக் குடிநீரை முடிவு செய்வது ஆபத்தானது.

எந்தக் கிணறு, எந்த மாதம்

ஊரில் இருக்கும் எல்லாக் கிணறுகளையும் ஒரு தடவை சோதிப்பதைவிட, ஏழெட்டுக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் தொடர்வது மேல். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு நாள் எடுத்த நூறு எண்களால் அன்றைய நிலவரம் தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கு, அதே கிணற்றின் ஐந்தாறு ஆண்டு எண்கள் வேண்டும்.

தேர்வு செய்யும்போது கிணற்றின் வரலாறு தெரிந்ததாகப் பாருங்கள்: எத்தனை அடி, கேசிங் குழாய் (போரின் மேற்பகுதி இடியாமல் காக்க இறக்குவது) எத்தனை அடி வரை இறங்கியிருக்கிறது, எந்த அடியில் தண்ணீர் கிடைத்தது, மோட்டார் எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறது. போர் போட்டபோது உடனிருந்த பெரியவருக்கு இது பெரும்பாலும் நினைவிருக்கும். நாற்பது அடித் திறந்த கிணறு மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கின் நீரைத் தருகிறது, எண்ணூறு அடி போர் அடியிலுள்ள வெடிப்புகளின் நீரைத் தருகிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் வேறு வேறு தண்ணீர். இரண்டு வகையும் பட்டியலில் இருக்கட்டும், ஆனால் ஒன்றோடு ஒன்றை நேராக ஒப்பிட வேண்டாம்.

மாசு எங்கிருந்தோ வருகிறது என்று சந்தேகம் இருந்தால், அதற்கு மேற்புறம் ஒரு கிணறு கட்டாயம் வேண்டும். நிலத்தடி நீர் பெரும்பாலும் நிலம் சாய்ந்திருக்கும் போக்கிலேயே நகரும். குப்பைமேட்டுக்குக் கீழே மட்டும் ஐந்து கிணறு எடுத்து, மேலே ஒன்றுகூட எடுக்காமல் விட்டால், அந்த உப்பு முன்பே இருந்ததுதான் என்று எவரும் சொல்லிவிட முடியும்.

மாதம் பற்றி: நம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எனவே கோடை முற்றிய மே மாதத்தில் ஒன்று, மழை ஊறி முடிந்த ஜனவரியில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை என்பது நல்ல தொடக்கம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. தரத்துக்கு, பருவமழைக்கு முந்தைய கோடையில் மாதிரி எடுக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது. உங்கள் மே மாத எண்களை அவர்களுடைய எண்களோடு ஒப்பிட இது உதவும். கிருமிச் சோதனைக்கு மட்டும் கணக்கு வேறு: முதல் பலத்த மழைக்கு அடுத்த சில நாள்களில் எடுத்தால்தான் மோசமான நிலை தெரியும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பி.எச். மீட்டர், மின்கடத்துதிறன் மீட்டர், வெப்பமானி, நீர்மட்டம் பார்க்கும் டேப், இருபது லிட்டர் வாளி, கைக்கடிகாரம், புது பாலித்தீன் பாட்டில்கள், கிருமிநீக்கம் செய்த பாட்டில், ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி, வாலை வடிநீர், கையுறை, நீரில் அழியாத மார்க்கர், பென்சில், நோட்டு. பேனாவைவிடப் பென்சில் நல்லது. நனைந்த தாளிலும் எழுத்து நிற்கும்.

மீட்டர்களை வீட்டிலேயே, அன்று காலையிலேயே திருத்திக்கொள்ளுங்கள். பி.எச்.க்கு 7 மதிப்புள்ள தாங்கல் கரைசலில் (பி.எச். எளிதில் மாறாத கரைசல்) தொடங்கி, அடுத்து 4 அல்லது 10. நம் கிணற்று நீர் பெரும்பாலும் 7க்கு மேலேயே நிற்பதால் 7, 10 இரண்டும் முக்கியம். மின்கடத்துதிறனுக்கு 25 டிகிரியில் 1,413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசல் எளிதில் கிடைக்கும். என்ன காட்டியது, எவ்வளவு திருத்தினீர்கள் என்பதை நோட்டில் எழுதி வையுங்கள். மாலையில் திரும்பியதும் அதே கரைசலில் மறுபடி ஒரு முறை பாருங்கள். காலையில் 1,413 காட்டியது மாலையில் 1,520 காட்டினால், அன்றைய அளவுகள் அனைத்தின் மீதும் கேள்விக்குறி போட வேண்டும்.

நீர்மட்டம்

மோட்டாரைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. போட்ட பிறகு இறங்கிய மட்டம்தான் கிடைக்கும். கேசிங் குழாயின் விளிம்பில் ஒரு இடத்தில் பெயின்ட்டால் புள்ளி வைத்து, எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்தே அளக்கவும். அந்தப் புள்ளி தரைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையும் ஒரு தடவை அளந்து எழுதிவிடுங்கள், பிறகு யாராவது தளம் உயர்த்தினாலும் கணக்குத் தவறாது. டேப்பின் நுனியை ஒவ்வொரு கிணற்றுக்கும் இடையில் வாலை வடிநீரால் கழுவ வேண்டும். ஒரு கிணற்றின் கிருமியை அடுத்த கிணற்றுக்கு நாமே சுமந்து போகக் கூடாது. நீர்மூழ்கி மோட்டாரின் வயரும் கயிறும் நெருக்கமாக இருக்கும் போரில் டேப் சிக்கிக்கொள்ளும். வழியில்லை என்றால் கட்டாயப்படுத்தாமல் விட்டுவிடுங்கள்.

நின்ற தண்ணீரை வெளியேற்றுதல்

பலரும் பொறுமை இழக்கிற இடம் இதுதான், ஆனால் முடிவைத் தீர்மானிப்பதும் இதுதான்.

போருக்குள் நிற்கிற தண்ணீர் காற்றோடும் இரும்போடும் பழகிய தண்ணீர். அதிலிருந்த கரியமிலவாயு வெளியேறி பி.எச். ஏறியிருக்கும், இரும்பு படிந்திருக்கும் அல்லது குழாயிலிருந்து கரைந்திருக்கும். அதை இறைத்துவிட்டு, பாறையிலிருந்து புதிதாக வருவதைப் பிடிக்க வேண்டும். குழாயில் நிற்கும் நீரின் அளவைப் போல மூன்று மடங்கை இறைத்துவிடுவது நெடுநாள் வழக்கம்.

கணக்கு எளிது. நம் ஊரில் பரவலாக இருக்கும் ஆறரை இஞ்ச் போரில், ஒரு அடி உயரத் தண்ணீரில் ஆறரை லிட்டர் இருக்கும். நான்கரை இஞ்ச் என்றால் அடிக்கு ஏறக்குறைய 3.1 லிட்டர். 200 அடி போரில் நீர்மட்டம் 40 அடியில் இருந்தால், நிற்கிற தண்ணீர் 160 அடி. 160ஐ ஆறரையால் பெருக்கினால் 1,040 லிட்டர். மூன்று மடங்கு 3,120 லிட்டர். இனி மோட்டார் எவ்வளவு தருகிறது என்று பாருங்கள்: இருபது லிட்டர் வாளி 20 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 60 லிட்டர். ஆக 52 நிமிடம் ஓட வேண்டும். வயலுக்கோ தொட்டிக்கோ போகிற தண்ணீரோடு இதை ஒத்திசைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வீணாகாது. கிணற்றுக்காரர் பாய்ச்சுகிற நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

எண்ணூறு அடி போரில் நீர்மட்டம் 150 அடி என்றால் மூன்று மடங்கு 12,675 லிட்டர் ஆகும். இதை இறைத்துக்கொண்டிருக்க முடியாது, கூடாது. அங்கே கணக்கை விட்டுவிட்டு மீட்டரை நம்புங்கள். ஒரு குவளைக்குள் தண்ணீர் நிறைந்து வழிந்தபடி இருக்க, அதற்குள் மீட்டர் முனையை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.எச்., மின்கடத்துதிறன், வெப்பநிலை மூன்றையும் குறிக்கவும். அடுத்தடுத்து மூன்று அளவுகளில் பி.எச். 0.1க்குள்ளும், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும், வெப்பநிலை அரை டிகிரிக்குள்ளும் நின்றுவிட்டால், பாறைத் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது என்று பொருள். உண்மையில் சிறிய போருக்கும் இந்த நிலைப்புச் சோதனையைச் செய்துவிட்டே பாட்டிலைத் திறக்கச் சொல்வேன். காலையிலிருந்தே பாய்ச்சலுக்கு ஓடிக்கொண்டிருக்கும் போர் என்றால், நிலைத்திருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு உடனே எடுக்கலாம்.

ஊற்று குறைந்த போர் பாதியிலேயே காற்றை இழுக்கும். மோட்டார் எரிந்துபோகும்வரை இறைக்காதீர்கள். நிறுத்தி, ஊற விட்டு, அன்றே மறுபடி ஏறிய தண்ணீரில் எடுத்துக்கொண்டு “வற்றி ஊறியது” என்று எழுதிவிடுங்கள்.

தண்ணீரைப் பிடிக்கிற இடம் போருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மேல்நிலைத் தொட்டிக்குப் பிறகு உள்ள குழாயில் பிடித்தால், நீங்கள் சோதிப்பது தொட்டியை. ஊராட்சித் தொட்டி என்றால் பிளீச்சிங் பவுடரும் கலந்திருக்கும்.

திறந்த கிணறும் அடிபம்பும்

திறந்த கிணற்றில் மூன்று மடங்கு இறைப்பது நடக்காத காரியம். தினமும் இறைக்கப்படும் கிணற்றில் தண்ணீர் தானாகவே மாறிக்கொண்டிருக்கும். மோட்டார் ஓடும்போது அதன் குழாயிலேயே பிடிக்கலாம். மோட்டார் இல்லாவிட்டால், எடை கட்டிய பாட்டிலை நூல் கயிற்றில் இறக்கி, மேற்பரப்புக்குக் குறைந்தது ஒரு அடி கீழே நிறைய விடவும். மேலே மிதக்கும் பாசியும் தூசியும் உள்ளே வரக் கூடாது, அடிச் சேறும் கலங்கக் கூடாது. சுவரில் கயிறு உரசி மண் விழாமல் பாருங்கள். கைவிடப்பட்ட கிணற்று நீர் மழையும் வெயிலும் பாசியும் சேர்ந்து உருவாக்கியது; நிலத்தடி நீரின் பிரதிநிதியாக அதைக் கொள்ள வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மாதிரி எடுப்பதற்காகக் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். பயன்படாத கிணறுகளில் உயிர்வாயு குறைந்தும் விஷவாயு தேங்கியும் இருக்கும். ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி இருவரும் சாகிற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. கயிற்றால் எடுக்க முடியாத மாதிரி நமக்கு வேண்டாம்.

அடிபம்பில் ஐந்து முதல் பத்து நிமிடம் அடித்துவிட்டு, மின்கடத்துதிறன் நிலைத்ததும் பிடிக்கவும். இந்தியா மார்க் 2 பம்புகளின் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் அரிக்கப்படும். விடிந்ததும் முதல் குடத்தில் சிவந்து வருகிற தண்ணீர், அடிக்க அடிக்கத் தெளிந்தால், அந்த இரும்பு பெரும்பாலும் குழாயுடையது. எவ்வளவு அடித்தாலும் இரும்பு குறையவில்லை என்றால் நிலத்தைச் சந்தேகிக்கலாம். முதல் குடத்தில் ஒன்று, பத்து நிமிடம் கழித்து ஒன்று என இரண்டு பாட்டில் எடுத்தால் இது தெரிந்துவிடும். குழாயை மாற்றுவதா, வேறு கிணறு தேடுவதா என்ற முடிவும் அதிலிருந்தே வரும்.

பாட்டிலில் பிடிப்பது

உப்புகளுக்கான பாட்டில் ஒரு லிட்டர் பாலித்தீன். அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்குமிழ் இல்லாமல் மூடவும். ஃபுளோரைடுக்குக் கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக்தான். பூச்சிக்கொல்லி, எண்ணெய் போன்றவற்றுக்குத் தலைகீழ்: அடர்நிறக் கண்ணாடி பாட்டில், ஆய்வகமே தந்ததாக இருக்கட்டும்.

பி.எச்., வெப்பநிலை இரண்டையும் கிணற்றடியிலேயே அளந்துவிட வேண்டும். பாட்டில் ஊர் தாண்டுவதற்குள் கரியமிலவாயு வெளியேறி பி.எச். ஏறிவிடும், கூடவே கொஞ்சம் சுண்ணாம்பும் அடியில் படியும். ஆய்வகச் சீட்டில் வரும் பி.எச்., உங்கள் நோட்டில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் வியக்க வேண்டாம், நோட்டில் உள்ளதே கிணற்றுடையது.

உலோகங்களுக்குத் தனிப் பாட்டில். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, தூய நைட்ரிக் அமிலம் சில துளிகள் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அமிலம் விடாவிட்டால் இரும்பு காற்றுப்பட்டுப் பாட்டில் சுவரில் செந்நிறமாகப் படிந்துவிடும், ஆய்வகம் குறைவாகச் சொல்லும். வடித்த பிறகே அமிலம். முதலில் அமிலம் விட்டால் மண்துகளில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து சேர்ந்துவிடும். அமிலத்தைக் கையாளப் பழகாதவர்கள், ஆய்வகத்திலேயே அமிலமிட்ட பாட்டில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பாட்டிலை அலசக் கூடாது. நைட்ரேட் பாட்டிலை அமிலமிடாமல் ஐஸில் வைத்து 48 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

கிருமிச் சோதனைக்கான பாட்டிலில் ஒழுக்கம் இன்னும் கூடுதல். குழாயில் மாட்டியிருக்கும் ரப்பர் டியூபைக் கழற்றுங்கள். உலோகக் குழாய் என்றால் ஸ்பிரிட் பஞ்சால் சுட்டெடுக்கவும். பிளாஸ்டிக் என்றால் ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விடவும். இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள். கிருமிநீக்கம் செய்த பாட்டிலை அலசாமல், மூடியின் உட்புறத்தை விரலால் தொடாமல், கீழே வைக்காமல் நிரப்பவும். விரலிடை அளவு காற்றிடம் விட வேண்டும், ஆய்வகத்தில் குலுக்குவதற்கு அது தேவை. குளோரின் கலந்த நீரானால் சோடியம் தயோசல்பேட் இட்ட பாட்டில் கேளுங்கள், இல்லையேல் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. 24 மணி நேரம் தாண்டினால் அந்த மாதிரியை வைத்து எதுவும் சொல்ல வேண்டாம்.

வேலை வரிசையும் இப்படியே அமையட்டும்: நீர்மட்டம், இறைத்தல், மீட்டர் அளவுகள், கிருமிப் பாட்டில், அப்புறம் உப்புப் பாட்டில், கடைசியாக உலோகப் பாட்டில். ஒரு நாளில் பல கிணறுகள் என்றால் சுத்தமானதாகத் தெரிந்ததில் தொடங்கி, மாசுபட்டதை இறுதியில் வைத்துக்கொள்ளவும்.

சீட்டும் நோட்டும்

பாட்டிலின் உடலில் எழுதுங்கள், மூடியில் வேண்டாம், மூடிகள் மாறிப்போகும். கிணற்றின் எண், நாள், நேரம், எடுத்தவர் பெயர்ச்சுருக்கம், அமிலம் இட்டதா இல்லையா, இவ்வளவு போதும். நோட்டில் இன்னும் விரிவாக: அலைபேசியில் பார்த்த அட்சரேகை, தீர்க்கரேகை, நீர்மட்டம், எவ்வளவு நேரம் இறைத்தீர்கள், மீட்டர் அளவுகளின் வரிசை முழுவதும், நீரின் நிறம், வாடை, கடைசியாக மழை எப்போது, கிணற்றைச் சுற்றி என்ன இருக்கிறது. தொழுவமும் கழிவறைக் குழியும் எத்தனை அடி தூரம் என்று அடியெடுத்து அளந்து எழுதவும். தண்ணீரைச் சுவைத்துப் பார்த்து எழுதும் பழக்கம் மாசுள்ள இடங்களில் வேண்டவே வேண்டாம்.

பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாக எடுங்கள். ஒரே கிணறு, ஒரே நேரம், இரண்டு பாட்டில், ஆய்வகத்துக்குத் தெரியாதபடி வேறு வேறு எண். இரண்டுக்கும் வருகிற வேறுபாடுதான் உங்கள் முறையும் ஆய்வகமும் சேர்ந்து செய்யும் பிழையின் அளவு. அதைவிடச் சிறிய மாற்றத்தை ஆண்டுகளுக்கிடையே கண்டால் அதைப் பெரிதுபடுத்தக் கூடாது. கூடவே ஒரு பாட்டிலில் வாலை வடிநீரைக் கிணற்றடியில் ஊற்றி, மற்றவற்றோடு அனுப்புங்கள். அதில் நைட்ரேட் வந்தால், அது உங்கள் பாட்டிலிலோ கையிலோ இருந்து வந்தது.

ஆய்வகச் சீட்டைச் சரிபார்ப்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர் ஆய்வகங்கள் உண்டு. ஜல் ஜீவன் இயக்கத்தின்படி ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கள ஆய்வுப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும்; உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி முதல் சல்லடைக்கு நல்லது. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு தோராயமானது, ஆகவே வரம்பை ஒட்டி வந்ததையெல்லாம் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

சீட்டு வந்ததும் முதலில் நைட்ரேட்டின் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவே எழுதும், சில அதிலுள்ள நைட்ரஜனாக எழுதும். நைட்ரஜனாக 10 என்றால் நைட்ரேட்டாக ஏறக்குறைய 44. இதைக் கவனிக்காமல், நைட்ரஜனாக 20, அதாவது நைட்ரேட்டாக ஏறக்குறைய 88 உள்ள ஒரு கிணற்றை “இருபதுதானே, வரம்பு 45 ஆச்சே” என்று பாதுகாப்பானது என அறிவித்துவிட வாய்ப்பு இருக்கிறது.

அடுத்து அயனிச் சமநிலை. தண்ணீரில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாகவே இருந்தாக வேண்டும். மில்லிகிராம் அளவை அந்தந்த அயனியின் சமான எடையால் (அயனியின் எடையை அதன் மின்சுமையால் வகுத்தது) வகுத்துக் கூட்டிப் பாருங்கள்: கால்சியம் 20, மெக்னீசியம் 12.15, சோடியம் 23, பொட்டாசியம் 39. அந்தப் பக்கம் பைகார்பனேட் 61, குளோரைடு 35.5, சல்பேட் 48, நைட்ரேட் 62. சீட்டில் கால்சியம் 80, மெக்னீசியம் 48.6, சோடியம் 161, பொட்டாசியம் 7.8 என்றால் கூட்டுத்தொகை 15.2. பைகார்பனேட் 427, குளோரைடு 213, சல்பேட் 72, நைட்ரேட் 31 என்றால் 15.0. வித்தியாசத்தை மொத்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு சதவீதத்துக்கும் கீழே, நல்ல ஆய்வு. 5 சதவீதம் வரை ஏற்கலாம், 10ஐத் தாண்டினால் சீட்டைத் திருப்பிக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நேர்மின் கூட்டுத்தொகையை 100ஆல் பெருக்கினால் மின்கடத்துதிறனுக்கு அருகில் வர வேண்டும் என்பது இன்னொரு கைக்கணக்கு. மேலே சொன்ன நீர் 1,500 மைக்ரோசீமென்ஸ் ஒட்டிக் காட்டியிருக்க வேண்டும். உங்கள் கள நோட்டில் 2,400 என்று இருந்தால், பாட்டில் மாறிவிட்டதா என்று தேடுங்கள்.

இனி வரம்புகள். இந்தியத் தர நிர்ணயம் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, லிட்டருக்கு மில்லிகிராமில்: மொத்தக் கரைந்த உப்பு 500, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை. கடினத்தன்மை 200, அதேபோல் 600 வரை. குளோரைடு 250, 1,000. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, தளர்வு கிடையாது. குரோமியம் 0.05, அதற்கும் தளர்வில்லை. பி.எச். 6.5 முதல் 8.5. இ.கோலி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

எண் கிடைத்த பிறகு

கிணற்றுக்குச் சொந்தக்காரருக்கு முதலில் சொல்லுங்கள், அவர் வீட்டுத் திண்ணையிலேயே, சீட்டின் நகலோடு. நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க அந்த நீர் ஆகாது என்பதை அன்றே சொல்லியாக வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இ.கோலி வந்திருந்தால் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி, குளோரின் இட்டு, கிணற்றின் மேடையிலும் கேசிங்கிலும் விரிசலைத் தேடி அடைத்துவிட்டு, மறுபடி மாதிரி எடுங்கள். ஒருமுறை வந்த மோசமான எண்ணை மறுமாதிரி இல்லாமல் ஊர் முழுக்கப் பரப்ப வேண்டாம். ஆனால் மறுமாதிரி வரும்வரை அந்த வீட்டார் அதையே குடிக்கட்டும் என்று விட்டுவிடவும் கூடாது.

தொடர் எண்களைக் கிணறுவாரியாக ஒரே தாளில் வரையுங்கள்: கிடைமட்டத்தில் ஆண்டு, செங்குத்தில் மின்கடத்துதிறன், அதற்குக் கீழே நீர்மட்டம். கோடையை ஒரு நிறத்திலும் ஜனவரியை வேறு நிறத்திலும் குறிக்கவும். மே மாத எண்ணைப் போன ஜனவரியோடு ஒப்பிட்டு “ஏறிவிட்டது” என்று சொல்வது வழக்கமான தவறு. மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறுகிற கிணறு ஒரு கதை சொல்கிறது, மட்டம் அப்படியே இருக்க நைட்ரேட் மட்டும் ஏறுகிற கிணறு வேறொன்றைச் சொல்கிறது. முதலாவதற்கு இறைப்பைப் பற்றியும் இரண்டாவதற்கு உரத்தையும் கழிவுக்குழியையும் பற்றியும் ஊரில் பேச வேண்டியிருக்கும்.

அப்படிப் பேச இடம் இருக்கிறது. 2022இல் வந்த அறிவிப்பின்படி தமிழ்நாட்டில் உலக நீர் நாளான மார்ச் 22ஐ ஒட்டியும் கிராம சபை கூடுகிறது. ஜனவரி மாதிரியின் சீட்டு அதற்குள் கையில் வந்திருக்கும். வரைபடத்தைப் பெரிய தாளில் எடுத்துப்போய் ஒட்டுங்கள். கிணற்றுக்காரர்கள் விரும்பாவிட்டால் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போடலாம். வரம்பு தாண்டிய கிணறுகள் எவை, மாற்று நீர் எங்கிருந்து, அடுத்த மே மாத ஆய்வுக்கு யார் வண்டி தருவது, ஆய்வகக் கட்டணம் எந்தக் கணக்கில் என்ற நான்கையும் தீர்மானமாக எழுதி, நகலைக் கேட்டு வாங்கி, கள நோட்டின் பின்னட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.